ஒரு சப்பாத்துத் தூரம்

எங்கள் கோல்ஃப் ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பந்து குழிக்கு ஒரு சப்பாத்துத் தூரத்தில் வந்து நின்றுவிட்டால், கூட ஆடுகிறவள் "எடுத்துக்க லா" என்று சொல்லிவிடுவாள். அப்புறம் அதைத் தட்டிக் குழிக்குள் தள்ள வேண்டியதில்லை. தள்ளியதாகவே வைத்துக்கொண்டு, பந்தைக் குனிந்து எடுத்து, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபடி அடுத்த குழிக்கு நடப்போம். யாருடைய சப்பாத்து என்பதில் மட்டும் சண்டை வரும். என்னோடு ஆடுகிற அக்காவுக்குப் பெரிய கால். ஆம்பளைகள் கடையில்தான் அவளுக்குச் சப்பாத்து கிடைக்கும்.

"என்னோடதுலதான் அளக்கணும்," என்பாள். "ஒன்னோடது கைக்கொழந்த சப்பாத்து. அத வச்சு அளந்தா நாம என்னைக்கு வீடு போய்ச் சேர்றது?"

தோட்டம் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். துரைமார்கள் தங்களுக்காகக் கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒன்பது குழி வெட்டி, புல் வளர்த்து வைத்திருந்தார்கள். எழுபதுகளில் அவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிய பிறகு புல் இருந்தது, ஆட ஆள் இல்லை. கிளப்பை மூடாமல் காப்பாற்ற, தோட்டத்து ஸ்டாஃபையும் ஈப்போக் கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பின்னாலேயே, சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் மட்டும் என்ற நிபந்தனையோடு, பெண்கள் நாங்கள் வந்தோம். பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருப்போம். ஈப்போவில் இரும்புக் கடை வைத்திருந்த ஒரு சீன அம்மாள் எங்களுக்குக் கேப்டன். சின்ன வயதில் தோட்டத்து ஓரத்திலேயே வளர்ந்தவள். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். எங்கள் கூட்டத்தில் தமிழச்சிகள் இரண்டே பேர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, சின்ன வைத்தியமெல்லாம் பார்க்கிற டிரெசரின் மனைவி அக்கா. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நான். எனக்கு இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு முப்பத்தெட்டு இருக்கும்.

அவளுக்கு ஆட்டம் வந்தது ஒரு நாயால். கடைசித் துரையின் மனைவி வளர்த்த நாய்க்குக் காதில் சீழ் வைத்து, டிரெசர் பத்து நாள் மருந்து போட்டுக் குணமாக்கியிருக்கிறார். அந்த அம்மாள் ஊருக்குக் கிளம்பும்போது நன்றிக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல், ஸ்டிக்குகள் நிறைந்த தன் தோல் பையை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். டிரெசர் அதைப் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் போட்டு வைத்தார். பஞ்சு எடுக்கப் போன அக்கா பையைக் கண்டுபிடித்தாள். பிறகு என்னைக் கண்டுபிடித்தாள்.

"தனியா அடிச்சா பைத்தியம்னு சொல்லுவாங்க. வா டீச்சர், ரெண்டு பைத்தியமா போலாம்."

முதல் இரண்டு மாதம் அவள் சேலையிலேயே ஆடினாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கீழே வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. ஒரு சனிக்கிழமை அவள் அடித்த பந்து மரத்தில் மோதித் திரும்பி வந்தது. வந்தது தெரியும், எங்கே போனதென்று தெரியவில்லை. இலைச் சருகையெல்லாம் கிளறினோம். ஆறேழு பேர் சேர்ந்து தேடினோம். கடைசியில் அடுத்த பந்தை வைக்க அவள் குனிந்தபோது கொசுவத்துக்குள்ளிருந்து முதல் பந்து பொத்தென்று விழுந்தது. கேப்டன் பிளாஸ்டிக் உறை போட்ட விதிப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். புல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"சேலைக்கு ரூல் இல்ல லா," என்றாள் கடைசியில். "ஆனா ஆடுறவங்க மேல பந்து பட்டா ரெண்டு அடி கூடும். ரெண்டு அடி போட்டுக்கோ. அடுத்த வாரம் சிலுவார் போட்டுட்டு வா."

அடுத்த வாரம் அக்கா டிரெசரின் வெள்ளைச் சிலுவாரை, அதாவது அவர் கால்சட்டையை, இடுப்பில் கயிறு கட்டி இறுக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்குக் கடைசி மூன்று குழிகளை யாருமே ஒழுங்காக ஆடவில்லை. சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

நான் அடிப்பதைப் பார்த்தால் கம்பளி துவைப்பது போல இருக்கிறதாம். "நீங்க அடிக்கிறது பாம்பு அடிக்கிற மாதிரி இருக்குக்கா," என்பேன். "பாம்பா இருந்தா செத்திருக்கும். பந்து சாகலையே, பாரு எங்க ஓடுதுன்னு." மரத்தில் பால் வடியக் கட்டியிருக்கும் மங்குக்குள் பந்து விழுந்தால் தண்டனையில்லாமல் எடுத்து வெளியே போட்டு ஆடலாம் என்று அடிக் கணக்கு எழுதும் எங்கள் கார்டின் பின்புறம் ஒரு விதி அச்சடித்திருந்தது. உலகத்தில் வேறு எங்கே அப்படி ஒரு விதி இருந்திருக்கும்? மங்கில் மிச்சப் பால் தேங்கியிருந்தால் பந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஒருமுறை கேப்டனின் பந்து அப்படி வந்தபோது அக்கா சொன்னாள்: "கேப்டன், இது இனிமே தோட்டத்து ஆளு. நாளைக்கு விடியக்காலம் பெரட்டுல பேரு கூப்புடுவாங்க, அனுப்பி வச்சிருங்க."

அந்த நாலு மணி வெயிலை எப்படி எழுதுவது? எத்தனையோ தடவை எழுதிப் பார்த்து அடித்திருக்கிறேன். வரிசை வரிசையாக மரம்; வரிசைகளுக்கு நடுவே சாய்ந்து விழும் வெளிச்சம்; தூரத்தில் ஈப்போ சுண்ணாம்பு மலைகள் வெள்ளைக் காயங்களோடு. இலையுதிர்ந்த மாதங்களில் பந்து சருகில் விழும் சத்தம். கொட்டை வெடிக்கும் மாதங்களில் மரம் எங்களைப் பார்த்துக் கைதட்டுவது போல ஒரு சடசடப்பு. ஆறாவது குழிக்கு முன்னால் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டை ஒன்று பச்சையாகக் கிடக்கும். எங்கள் பந்துகளில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. இன்றைக்கும் சனிக்கிழமை நாலு மணி ஆனால் என்னால் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. சும்மா நடந்துவிட்டு வருகிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை தைப்பிங் பெண்களோடு எங்களுக்குப் போட்டி. எட்டுப் பேர் போக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனில் கிளம்பி, மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களாவில் இரண்டு நாள் தங்கி ஆடிவிட்டு வருவது. ஆட்டத்தைவிட அந்தப் பங்களாவைப் பற்றித்தான் எங்களுக்குள் பேச்சு அதிகம். போய்வந்தவர்கள் அதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

அந்த வருடம் ஏழு பேர் முடிவாகிவிட்டது. எட்டாவது இடத்துக்கு அக்காவும் நானும். வரும் சனிக்கிழமை கார்டு போட்டு ஆடுங்கள், குறைந்த அடியில் முடிப்பவள் வரட்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டாள்.

அன்று ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் அக்காவோடு நடந்தேன். வழக்கமாக வாய் ஓயாதவள், பாதி வழி வரை கீழே கிடந்த கொட்டைகளைச் சப்பாத்தால் தட்டிக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்.

"டீச்சர், எனக்குக் கல்யாணமாயி பதினெட்டு வருஷம். பிரசவத்துக்குப் போனப்பக்கூட ஆஸ்பத்திரிலருந்து அவருக்கு சோறு யாரு பொங்குறான்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன். ஒரே ஒரு நாளு, காலையில கண்ணு முழிச்சா அடுப்பு எங்க இருக்குன்னே தெரியாத ஒரு வீட்டுல நான் இருக்கணும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

"அவரு விடுவாரா?"

"டீமுக்கு எடுத்தா விடுறேன்னு சொல்லிட்டாரு. எடுக்க மாட்டாங்கன்னு அவருக்கு ஒரு நெனப்பு." சிரித்தாள். "நல்ல மனுஷன்தான். டீ மட்டும் போடத் தெரியாது."

அவள் அவ்வளவு சொன்ன பிறகு நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். விட்டுக்கொடுத்தால் கோபித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு ஜெயிக்க வேண்டும். அடுப்பிலிருந்து தப்ப வேண்டிய வாழ்க்கை எனக்கு இல்லை. அண்ணன் வீட்டில் அண்ணிதான் சமைத்தாள். வெறுமனே ஜெயிக்க வேண்டும்.

கார்டு போட்டு ஆடும் நாளில் எங்கள் வழக்கம் செல்லாது. எவ்வளவு கிட்டத்தில் நின்றாலும் பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கார்டே செல்லாது. வருடத்தில் மூன்று நாலு முறைதான் அப்படி ஆடுவோம் என்பதால் கேப்டன் ஆரம்பத்திலேயே விரலை ஆட்டி எச்சரித்தாள். "இன்னைக்கு 'எடுத்துக்க லா' தா போலே. கேட்டுச்சா? ரெண்டு பேருக்கும்தான்." கூடாது என்பதை மட்டும் அவள் எப்போதும் மலாயில்தான் சொல்வாள்.

மூன்றாவது குழியிலேயே அக்கா மறந்துவிட்டாள். பந்து உள்ளங்கை தூரத்தில் நிற்க, பழக்கத்தில் குனிந்துவிட்டாள்.

"அக்கா! போடுங்க!"

விருட்டென்று நிமிர்ந்தாள். "ஐயையோ. நல்லவேள டீச்சர்." தட்டிப் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நீ கூவலன்னா இந்நேரம் நீ வேன்ல ஏறியிருப்ப," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவது குழியில் எனக்கு விதி நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆறாவதில் என் பந்து குட்டைக்குள் போனது. ஏழாவதில் அவளுடையது கங்காணி நட்டு வைத்திருந்த மரவள்ளிக் கொல்லைக்குள். "கெழங்கோட புடுங்கிட்டு வாங்கக்கா," என்றேன். "வாய மூடு. ஒன் பந்த மீன் முழுங்கிக்கிட்டு இருக்கு," என்றாள். எட்டு குழி முடிந்தபோது அவள் ஒரே ஒரு அடி முன்னால் இருந்தாள்.

ஒன்பதாவதில் நான் ஐந்து அடியில் போட்டேன். அக்கா நாலாவது அடியைத் தள்ளினாள். பந்து மெதுவாக, வேண்டா வெறுப்பாக உருண்டு வந்து குழிக்கு அரைச் சப்பாத்துத் தூரத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். அவளுக்கும் ஐந்து. அவள் ஜெயித்துவிட்டாள்.

எனக்கு உள்ளே ஏதோ விட்டுப்போனது. தோற்றவள் கை கொடுப்பதைப் போல, வாய் தானாகச் சொன்னது: "எடுத்துக்கங்கக்கா."

அவள் எடுத்துக்கொண்டாள்.

பந்தைச் சிலுவார்ப் பைக்குள் போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கொடிக் கம்பைக் குழியில் நட்டுவிட்டு வந்தாள். ஒட்ட வெட்டிய புல் முடிந்து முரட்டுப் புல் ஆரம்பிக்கும் ஓரம், அவளிடமிருந்து மூன்று எட்டுத் தூரம். அந்த ஓரத்தைத் தாண்டும்வரை தப்பைத் திருத்திக்கொள்ளலாம். பந்தைத் திரும்ப வைத்தால் ஓர் அடி கூடும், இருவரும் சமமாகிவிடுவோம், இன்னொரு குழி ஆடியிருப்போம். அவள் முதல் எட்டு வைத்தபோது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது குழியில் கூவியதே, அதே வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இரண்டாவது எட்டு. அவளுடைய பெரிய சப்பாத்து புல்லை அமுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது.

பிறகு அது வெறும் நடை. கிளப் வராந்தா வரைக்கும் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தாள்.

'எடுத்துக்கங்க' என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள்தான் தைப்பிங் போயிருப்பாள். கார்டை வாங்கிய கேப்டனிடம் அக்காவே சொன்னாள், சந்தோஷத்தில், பெருமையாக: "கடைசி ஒண்ணு இவ குடுத்தா, கேப்டன். தோத்தாலும் டீச்சருக்குப் பெரிய மனசு."

கேப்டன் பென்சிலை வைத்துவிட்டாள். "குடுத்தாளா? நீ போடல?"

"ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அரைச் சப்பாத்துகூட இல்ல."

"அக்கா." கேப்டன் அவளை அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். விதிப் புத்தகத்தை எடுக்கவில்லை, எடுக்கத் தேவையில்லை. "ஏன் என்கிட்ட சொன்ன? நான் எப்பிடி இத கேக்காத மாதிரி இருக்கிறது?"

எல்லோருக்கும் புரிய ஒரு நிமிடம் ஆனது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தாள். "என் வாயி இருக்கே... இத தைக்கத்தான் அவரு கிட்ட ஊசி நூல் கேக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆறு மணிக்கு டிரெசருக்கு டீ வேண்டும் என்று வேகமாகப் போய்விட்டாள்.

நான் கேப்டனிடம், என் தப்பு, அவங்க போகட்டும் என்று சொன்னேன். "குடுத்தது ஒன் தப்பு. எடுத்தது அவ தப்பு. ரூல்ல எடுத்தவளுக்குத்தான் தண்டனை," என்றாள். "நீ வரலன்னா ஏழு பேரு. ஏழு பேரு போனா தைப்பிங் சிரிக்கும் லா." மூன்று எட்டைப் பற்றி அவளிடம் நான் வாயே திறக்கவில்லை.

தைப்பிங்கில் மழை. இறங்கியதிலிருந்து கிளம்பும்வரை மழை. ஒரு பந்துகூட அடிக்கவில்லை. இரண்டு ஊர்ப் பெண்களும் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து மழையைத் திட்டிவிட்டு, பிறகு நீளமான நடையில் கண்ணாடித் தம்ளர்களைப் படுக்க வைத்து அதற்குள் பந்தைத் தள்ளிப் போட்டி வைத்தார்கள். எங்கள் கேப்டன் நாலு தம்ளர் உடைத்தாள். தைப்பிங் கேப்டன் ஐந்து. அதனால் நாங்கள் ஜெயித்ததாகத் தீர்மானித்தோம். அவ்வளவு சிரித்த இரண்டு நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. சிரித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் திரும்பினேன். இதற்கு அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று தோன்றும். அந்த இடத்தில் வேறு யாரோ இருப்பார்கள்.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடப் போட்டிக்கு முன்னாலேயே டிரெசரைப் பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடலோரச் சமவெளி, மேடே இல்லாத ஊர், கோல்ஃப் திடலும் இல்லை. தோல் பையை அவள் லோரியில் ஏற்றிக்கொண்டுதான் போனாள். ஒரு கடிதம் வந்தது. இளநீர்க் காய்களை அடித்துப் பழகுகிறேன், தூரம் போக மாட்டேங்குது என்று எழுதியிருந்தாள். பதில் எழுதினேன். எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி ஈப்போ வந்தேன். கடிதங்கள் நின்றன. யார் கடைசியாக எழுதியது என்பதுகூட எனக்கு இப்போது நிச்சயமில்லை.

எனக்கு நிச்சயமாக இருப்பது, தைப்பிங்கிலிருந்து திரும்பிய பிறகு வந்த செவ்வாய்க்கிழமை. பள்ளி விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மூன்று எட்டையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்பதை வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி நாலு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். முறத்தில் ஒரு பக்கம் உடல், இன்னொரு பக்கம் தலைகள்.

"வா டீச்சர். எப்பிடி இருந்துச்சு?"

"மோசம்க்கா," என்றேன். "மழ. ஆடவே இல்ல. கூரை ஒழுகுது. சாப்பாடு வாயில வைக்க முடியல. மெத்தையில ஒரே மூட்டப்பூச்சி. நீங்க வராததே நல்லது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஒரு நெத்திலி.

"பொய் சொல்லாத."

நான் முறத்தைப் பார்த்தேன்.

"நான் வரல. சரி. அதுக்காக அந்த எடத்தையும் கெடுத்து வைக்காத. நல்லா இருந்துச்சுதானே?"

"நல்லா இருந்துச்சுக்கா."

"அப்ப ஒக்காரு. மொதல்லருந்து சொல்லு. அவசரப்படாத."

படியில் உட்கார்ந்தேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன். கட்டில் எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருந்தது? கொசுவலை வெள்ளையா நீலமா? ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா, மழைதான் தெரியுமா? காலையில் என்னை யார் எழுப்பினார்கள்?

"யாரும் எழுப்பலக்கா. கதவத் தட்டுனாங்க. வெள்ளச் சட்ட போட்ட ஒரு வயசானவரு, தட்டுல டீ வச்சு கொண்டு வந்தாரு."

"எந்திரிச்சுப் போயி தொறந்தியா?"

"இல்ல. உள்ள வரலாமான்னு கேட்டாரு. படுத்துக்கிட்டேதான் வாங்கன்னு சொன்னேன். மேசையில வச்சிட்டு, ஜன்னல் தெரைய வெலக்கிட்டுப் போயிட்டாரு."

"சீனி?"

"தனியா ஒரு கிண்ணத்துல."

"அடுப்பு எங்க இருந்துச்சு?"

"தெரியலக்கா. பாக்கவே இல்ல."

நீண்ட மூச்சு ஒன்று விட்டாள். நெத்திலியைக் கிள்ளுவது எப்போதோ நின்றிருந்தது. பேச்சுக்கு நடுவில் ஓர் இடைவெளி வந்தால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். "அக்கா, அன்னைக்கு ஒம்போதாவது குழியில..." என்று ஒரு முறை ஆரம்பித்தும் விட்டேன்.

"அத விடு," என்றாள் அவள், முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு. கண்ணை மூடிக்கொண்டாள். "திரும்ப சொல்லு. கதவ தட்டுன எடத்துலருந்து."

நான் மறுபடியும் ஆரம்பித்தேன்.